ராணிக்கு மியூசியம், ரஜூலாவுக்குக் காயலான் கடை

பிரிட்டானியா கப்பலில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் மணி 3.01தான். ரிப்பேர் இல்லை. வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1997 டிசம்பர் 11-ம் தேதி பிற்பகல், எலிசபெத் மகாராணி இந்தக் கப்பலை விட்டுக் கடைசியாக இறங்கிப்போன நேரம் அது. அன்றைக்கு போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நடந்த பிரிவு உபசாரத்தில் ராணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை டி.வி-யில் காட்டினார்கள். பொது இடத்தில் அழாதவர் ஒரு கப்பலுக்காக அழுதுவிட்டாரே என்று பிரிட்டனில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அந்தக் கப்பல் இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறது. எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில், ஓஷன் டெர்மினல் என்ற ஷாப்பிங் மாலை ஒட்டிக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். 1998 அக்டோபரிலிருந்து யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். ஆண்டுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். ஆடியோ கைடைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளமாக இறங்கி வர வேண்டியதுதான்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. 412 அடி நீளம். தேக்குப் பலகை பதித்த சன் லவுஞ்ச். 56 பேர் உட்கார்ந்து சாப்பிடும் டைனிங் ரூம். அந்த மேஜையில் தட்டு, முள்கரண்டி, கிளாஸ் எல்லாம் எடுத்துவைத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகுமாம், ஸ்கேல் வைத்து அளந்து வைப்பார்களாம். ரோல்ஸ் ராய்ஸ் காரை ஏற்றிக்கொள்ள டெக்கிலேயே ஒரு கராஜ். உள்ளே இடம் போதாமல் பம்பரைக் கழற்றித்தான் நுழைப்பார்கள். எஞ்சின் ரூமில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை. அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காப் அதைப் பார்த்துவிட்டு, மியூசியம் பார்த்தாயிற்று, நிஜ எஞ்சின் எங்கே என்று கேட்டதாக ஒரு கதை உண்டு.

கடைசியில் ராணியின் படுக்கையறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒற்றை ஆள் படுக்கும் சின்னக் கட்டில். கணவர் பிலிப்புக்குப் பக்கத்து அறையில் இன்னொரு ஒற்றைக் கட்டில். கப்பலிலேயே ஒரே ஒரு டபுள் பெட்தான். அதுவும் 1981-ல் சார்லஸும் டயானாவும் தேனிலவுக்கு வந்தபோது சேர்ந்தது. ஹாலில் பூப்போட்ட சோபா. இதைப் பார்க்கிறவர்கள் வாயில் வருகிற வார்த்தை ஒன்றுதான்: 'எவ்வளவு சிம்பிள்!'

இந்த 'எவ்வளவு சிம்பிள்' மேல்தான் எனக்குக் கோபம்.

எளிமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூன்றடிக் கட்டில் எளிமைதான், சந்தேகமில்லை. அந்தக் கட்டிலைச் சுற்றி 412 அடி கப்பல் இருக்கிறதே, அதை என்ன கணக்கில் வைப்பது? 220 மாலுமிகள், 20 அதிகாரிகள், ராணி வரும்போது கூடவே வரும் கடற்படை பாண்டு வாத்தியக் கோஷ்டி. இத்தனை பேர் ஒரு குடும்பத்துக்காக. அதிகாரிகள் ஒரு நாளைக்கு ஆறு தடவைகூட உடுப்பு மாற்ற வேண்டியிருக்கும். அதைத் துவைத்து, இஸ்திரி போடக் கப்பலுக்குள்ளேயே ஒரு லாண்டரி, ராப்பகலாக. மாலுமிகளோ 1973 வரை கித்தான் தூளி கட்டித்தான் தூங்கினார்கள். ராயல் நேவியில் மற்ற கப்பல்களெல்லாம் கட்டிலுக்கு மாறிய பிறகும் கடைசியாகத் தூளியை அவிழ்த்தது இந்த 'சிம்பிள்' கப்பல்தான்.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். இந்தக் கப்பலில் சத்தம் போட்டு உத்தரவு கொடுக்கக் கூடாது. எல்லாம் கை ஜாடை. மாலுமிகள் ரப்பர் அடி வைத்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும், டெக்கில் காலடிச் சத்தம் கேட்டுவிடக் கூடாது. அரச குடும்பத்தின் அறைகளை ஒட்டிய வேலையெல்லாம் காலை எட்டு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அதையும் மீறி எதிரே ராஜ குடும்பத்தார் யாராவது வந்துவிட்டால், அப்படியே சிலை மாதிரி நின்று நேராகப் பார்க்க வேண்டும், அவர்கள் தாண்டிப் போகிற வரை.

இதை ஒழுக்கம், பெருமை, பாரம்பரியம் என்று ரசிக்கலாம். ரசிக்கிறார்கள். அந்த மாலுமிகளிலேயே நிறையப் பேர் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால், வேலை செய்கிறவன் கண்ணிலும் படக் கூடாது, காதிலும் விழக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்துவிட்டு, அதற்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்தால், என்னால் உருக முடியவில்லை. எதிரே பெரியவர் வந்தால் ஒதுங்கி நில் என்பதற்கு நம் ஊரில் என்னென்ன பெயர் இருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஊர் மாறினால் அது நாகரிகம் ஆகிவிடுமா?

சரி, பணம். 1953 ஏப்ரல் 16-ம் தேதி, கிளாஸ்கோ பக்கத்தில் கிளைட் நதிக்கரையில், கிளைட்பேங்க் ஜான் பிரவுன் யார்டில் ராணி இந்தக் கப்பலுக்குப் பெயர் சூட்டித் தண்ணீரில் விட்டார். அப்போது பிரிட்டனில் ரேஷன் இன்னும் முடியவில்லை. சர்க்கரை ரேஷன் முடிந்தது அந்த ஆண்டு செப்டம்பரில், இறைச்சி ரேஷன் முடிந்தது 1954 ஜூலையில். ஜனங்கள் கார்டைப் பிடித்துக்கொண்டு கறிக்கடை வாசலில் நின்ற காலம். ஷாம்பேன் உடைத்தால் ஆடம்பரமாகத் தெரியும் என்று சாதாரண ஒயின் பாட்டிலை உடைத்தார்கள். பாட்டிலில் சிக்கனம். கப்பலுக்கு ஆன செலவு சுமார் 21 லட்சம் பவுண்டு, மக்கள் வரிப்பணம்.

அந்த நேரத்தில் இதை ஜனங்களுக்கு எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? இது வெறும் ராஜ உல்லாசப் படகு அல்ல, யுத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றிவிடலாம் என்று. அப்படி மாற்றுவதற்குத் தோதாகத்தான் டிசைனும் போட்டார்கள். காயம்பட்ட சிப்பாய் ராணியின் ஹாலில் படுத்திருப்பான். நல்ல கற்பனை. யாரால் மறுத்துப் பேச முடியும்?

யுத்தமும் வந்தது. 1982, ஃபாக்லாந்து தீவுகள். பிரிட்டன் கடற்படை 8,000 மைல் தாண்டிப் போய் அர்ஜென்டினாவோடு மோதியது. கப்பல்கள் எரிந்தன, இரண்டு பக்கமும் சேர்த்து 900 பேர் செத்தார்கள். கை கால் போனவர்கள், தீக்காயம் பட்டவர்கள் என்று நூற்றுக்கணக்கில். முப்பது வருடமாகச் சொல்லிவைத்த ஆஸ்பத்திரிக் கப்பல் எங்கே?

போகவில்லை. காரணம் சொன்னார்கள்: பிரிட்டானியாவுக்குப் போடுகிற எண்ணெய் வேறு, மற்ற போர்க்கப்பல்களுக்குப் போடுகிற எண்ணெய் வேறு, அவ்வளவு தூரத்தில் அதற்கென்று தனியாக எண்ணெய் கொண்டுபோக முடியாது. நியாயமான காரணம்தான் என்றே வைத்துக்கொள்வோம். எதற்காகக் கட்டியதாகச் சொன்னீர்களோ, அதற்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டபோது வர முடியாத கப்பலை ஏன் அத்தனை வருடம் ஆஸ்பத்திரிக் கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

அதற்குப் பதிலாகப் போனது யார் என்பதுதான் முக்கியம். 'உகாண்டா' என்று ஒரு பழைய பயணிகள் கப்பல். 1952-ல் அதே கிளைட் நதியில், கிளாஸ்கோவின் பார்க்லே கர்ள் யார்டில் இறக்கியது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கப்பல். கிழக்கு ஆப்பிரிக்கா ரூட்டில் ஓடி, வயசான காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்க்கொண்டிருந்தது. 1982 ஏப்ரலில் மத்திய தரைக்கடலில் சுமார் ஆயிரம் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தபோது அரசாங்கம் கூப்பிட்டது. பிள்ளைகளை இத்தாலியில் நேப்பிள்ஸில் இறக்கிவிட்டு, ஜிப்ரால்டருக்குப் போய் மூன்று நாளில் ஆஸ்பத்திரியாக மாறியது. பக்கவாட்டில் செஞ்சிலுவை வரைந்துகொண்டு கிளம்பிவிட்டது. ஃபாக்லாந்தில் 700 பேருக்கு மேல் அதில் சிகிச்சை நடந்தது. அர்ஜென்டினா சிப்பாய்களும் அதில் உண்டு. ரேடியோவில் அதன் செல்லப்பெயர் 'தாய்க்கோழி'.

தாய்க்கோழிக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1986-ல் இரும்பு விலைக்கு விற்றார்கள். உடைப்பதற்காக தைவானில் காவோசியுங் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு புயலில் தரைதட்டிச் சாய்ந்து கிடந்தது, பிறகு வெட்டி எடுத்தார்கள். காயம்பட்டவனைத் தொட்ட கப்பல் இரும்புத்துண்டு ஆயிற்று. தொடாத கப்பலின் படுக்கை விரிப்புகூட இன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் சில பேருக்கு மூளையில் மணி அடித்திருக்கும். ஆமாம், 'ரஜூலா' கப்பலின் கம்பெனி. உகாண்டாவைக் கட்டிய அதே பார்க்லே கர்ள் 1926-ல் கட்டிக்கொடுத்த கப்பல். பிரிட்டானியா பிறந்த இடத்திலிருந்து அதே நதியில் சில மைல் தூரம்தான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த ரூட்டில் தமிழர்களை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டியது, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தது. தஞ்சாவூர், ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் எந்த வீட்டிலாவது மலேயாத் தாத்தா ஒருவர் இருந்தால், அவர் பேச்சில் ரஜூலா வந்திருக்கும்.

அதில் புதிதாகக் கட்டியபோது டெக் பாசஞ்சர்களுக்கு மட்டும் சுமார் 5,000 பேருக்கு அனுமதி. ஐயாயிரம்! கேபின்காரர்கள் நூற்றுச் சொச்சம். டெக் பாசஞ்சர் என்றால் ரூம் கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம் உங்களுடையது. தகரப்பெட்டி தலைமாட்டில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். அலையில் ஆடுகிற படகில் பிள்ளைகுட்டியோடு போய், தொங்குகிற ஏணியில் ஏற வேண்டும். ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், கடை வைக்கப் போனவர், கட்டிய புருஷனைத் தேடிப் போனவள் என்று எத்தனை ஆயிரம் பேர். அந்த டெக்கில் யாரும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பிரிட்டானியாவில் 220 பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தைச் சுமந்தார்கள். ரஜூலாவில் ஐயாயிரம் பேரை ஒரு டெக் சுமந்தது. அதே நதி, அதே மாதிரித் தொழிலாளர்கள், அதே ரிவெட். ரஜூலாவை 1973-ல் நம்முடைய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. 1974-ல் பம்பாயில் உடைத்துவிட்டார்கள்.

உடனே கேட்பீர்கள்: உடைக்காமல் என்ன செய்வது, கப்பலை வைத்துக் காப்பாற்ற எவ்வளவு செலவு தெரியுமா? தெரியும். துருவோடு சண்டை போடுவது சாதாரண காரியமல்ல. எல்லாக் கப்பலையும் மியூசியம் ஆக்க முடியாது. நான் ரஜூலாவின் இரும்பைக் கேட்கவில்லை. எந்தக் கப்பலைக் காப்பாற்றுவது, எதை உடைப்பது என்று முடிவு செய்யும்போது 'வரலாறு' என்ற வார்த்தை யார் பக்கம் போய் நிற்கிறது என்று கேட்கிறேன். ஒரு மில்லியன் கடல் மைல் ஓடியது, 968 அரசு முறைப் பயணம் போனது, அதனால் பிரிட்டானியா சரித்திரச் சின்னம் என்கிறார்கள். ஓடியது சரி. எதற்காக ஓடியது?

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்: வியாபாரம். 1990-களில் வெளிநாட்டுத் தொழிலதிபர்களைக் கப்பலுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்து ஒப்பந்தம் போட்டார்கள், சில வருடங்களிலேயே 300 கோடி பவுண்டு வந்தது என்பது ஆதரவாளர்கள் சொல்லும் கணக்கு. எந்த ஊர் முதலாளி ஐயா வெள்ளித்தட்டைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போடுகிறான்? லாபம் இருந்தால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தும் போடுவான். கப்பலில் போட்ட கையெழுத்தெல்லாம் கப்பலால் வந்த கையெழுத்து என்று எழுதிக்கொண்டால் எந்த மண்டபத்துக்கும் அப்படி ஒரு கணக்கு காட்டலாம்.

இந்தக் கப்பல் ஒரே ஒரு தடவை நிஜமாகவே பெரிய காரியம் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியன். 1986 ஜனவரியில் தெற்கு ஏமனில் உள்நாட்டுச் சண்டை. ராணியின் நியூசிலாந்துப் பயணத்துக்காக அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த பிரிட்டானியா, ஏடன் கடற்கரையில் போய் நின்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஆயிரம் பேருக்கு மேல் படகுகளில் வந்து ஏறினார்கள். ராஜ விருந்து நடக்கிற ஹாலில், கார்ப்பெட்டில், அகதிகள் படுத்துத் தூங்கினார்கள். மாலுமிகள் சாப்பாடு போட்டார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். அந்தச் சில நாள் பிரிட்டானியா டெக் பாசஞ்சர் கப்பலாக இருந்தது. என்னைக் கேட்டால் கடிகாரத்தை அந்த நாளில் நிறுத்தியிருக்க வேண்டும்.

அதன் கதை முடிந்த விதமும் சுவாரஸ்யம். 1992-ல் விண்ட்ஸர் கோட்டை எரிந்தபோது, ரிப்பேர் செலவை அரசாங்கம் தரும் என்றதும் ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். அடுத்த வருடமே ராணி வருமான வரி கட்ட ஆரம்பித்தார், பக்கிங்ஹாம் அரண்மனையை டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார். அந்தக் காற்றில்தான் பிரிட்டானியாவும் அடிபட்டது. ஓட்டுகிற செலவே ஆண்டுக்கு சுமார் 1.1 கோடி பவுண்டு. ரிப்பேருக்கு இன்னொரு 1.7 கோடி வேண்டும் என்றதும், 1994-ல் ஜான் மேஜர் அரசு வேண்டாம் என்றது. 1997 தேர்தல் நெருங்கியதும் அதே கட்சி 6 கோடி பவுண்டில் புதுக் கப்பல் கட்டித்தருகிறோம் என்றது. தோற்றது. ஜெயித்த தொழிற்கட்சி, கப்பலெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டது. பிரிட்டானியாவின் கடைசி வெளிநாட்டு வேலை, 1997 ஜூலை 1-ம் தேதி நள்ளிரவு தாண்டி, ஹாங்காங்கைச் சீனாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிய சார்லஸையும் கடைசி கவர்னர் கிறிஸ் பேட்டனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. சாம்ராஜ்யத்துக்குக் கட்டிய கப்பல், சாம்ராஜ்யத்தைக் காலி செய்கிற வேலையோடு முடிந்தது.

ஆசை மட்டும் விடவில்லை. 2021-ல் போரிஸ் ஜான்சன் 25 கோடி பவுண்டு வரை செலவாகும் புதிய தேசியக் கப்பல் என்று அறிவித்தார். கோவிட் இன்னும் முடியாத சமயம். 2022 நவம்பரில் அடுத்து வந்த அரசே அதைக் கைவிட்டது. நல்ல வேளை. இல்லையென்றால் முப்பது வருடம் கழித்து அதற்கும் ஒரு ஷாப்பிங் மால் தேட வேண்டியிருக்கும்.

பிரிட்டானியாவைக் கட்டிய யார்டு இன்று இல்லை. 1971-ல் கிளைட் யார்டுகளை மூடப்போகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, ஜிம்மி ரீட் போன்ற தொழிலாளர் தலைவர்கள் ஸ்டிரைக் செய்யவில்லை. உள்ளே புகுந்து வேலையைத் தொடர்ந்து செய்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த போராட்டம் அது. அப்படியும் ஜான் பிரவுன் யார்டில் கப்பல் கட்டுவது 1972-ல் நின்றுபோனது. மிச்சம் இருப்பது டைட்டன் என்ற ராட்சத கிரேன். பிரிட்டானியாவை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, பிறந்த கிளைட் நதிக்கே கொண்டுவாருங்கள், எடின்பரோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. லீத்துக்குத்தான் போயிற்று. லீத்திலும் ஒரு காலத்தில் ஹென்றி ராப் என்ற கப்பல் கட்டும் யார்டு இருந்தது. 1984-ல் மூடினார்கள். அந்த இடத்தில் எழுந்ததுதான் ஓஷன் டெர்மினல் மால்.

இன்றைக்குக் கப்பலை நடத்துவது ஒரு டிரஸ்ட். டிக்கெட் வசூலில் நடக்கிறது, நல்ல பராமரிப்பு, குறை சொல்ல முடியாது. அதே டிரஸ்டின் ஆட்கள் பக்கத்திலேயே 'ஃபிங்கல்' என்ற இன்னொரு கப்பலையும் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கங்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோன உழைப்பாளிக் கப்பல் அது. உடையாமல் தப்பித்துவிட்டது. எப்படி என்கிறீர்களா? 2019-லிருந்து அது ஸ்டார் ஹோட்டல். கலங்கரை விளக்கத்துக்கு மண்ணெண்ணெயும் மாவும் சுமந்த கப்பலுக்கு, பட்டு மெத்தை போட்ட பிறகுதான் உயிர்ப்பிச்சை.

பிரிட்டானியாவை உடைக்கச் சொல்லவில்லை, பூட்டவும் சொல்லவில்லை. அந்த 56 பேர் டைனிங் ரூமில், முள்கரண்டிக்கும் கத்திக்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று சொல்கிற இடத்தில், இந்தக் கப்பல் 1982-ல் போகவில்லை, உகாண்டா போனது என்றும் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கட்டும். ஆண்டுச் செலவு எவ்வளவு, யார் கொடுத்தார்கள் என்று படுக்கையறைக் கண்ணாடியில் எழுதி ஒட்டட்டும். இங்கே நாமும் ஒன்று செய்யலாம். ரஜூலாவில் போய் வந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயசாகிவிட்டது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனில் ரெக்கார்டை அழுத்திவிட்டு அவர் எதிரில் உட்காருங்கள். டெக்கில் எந்தப் பக்கம் பாய் போட்டீர்கள், மழை வந்தால் என்ன செய்தீர்கள், பெட்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.